பழந்தாள்கள் பேசும் புதுவை

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பேரேடுகளை விரித்து வைத்து இருப்புக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வேளையில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாயிற்படியில் வந்து நின்றார். அவருடைய கணவர் அச்சங்கத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்து மறைந்தவர். அவர் பெயரில் உள்ள பங்குத்தொகையைப் பெற்றுக்கொள்ளவே அம்மூதாட்டி வந்திருந்தார்.

“தம்பி, அவர் பேரு அந்தப் பெரிய புத்தகத்திலே இருக்கும். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

தேடினோம்; அப்பெரிய புத்தகம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, விதிப்படி காலம் கடந்த தாள்களைக் கழிப்பதற்கென்று ஒரு பட்டியல் எழுதி, அனுமதி பெற்று, எடைக்குப் போட்டிருந்தார்கள். நிலையாகக் காக்கவேண்டிய பங்குப் பதிவேடும் அம்மூட்டையோடு போய்விட்டது. பட்டியலைப் பார்த்து ஒப்பமிட்ட அலுவலர் யார் என்று புரட்டினேன். அக்கையெழுத்து என்னுடையதாகவே இருந்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் அன்று நான் ஒப்பமிட்டுவிட்டேன்.

அம்மூதாட்டியின் தொகை என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அந்நிகழ்ச்சிக்குப் பிறகு பழைய தாள் என்றால் என் நெஞ்சில் ஒரு மதிப்பும் அச்சமும் உண்டாகிவிட்டன. அதன் பயனாக ஓய்வு நாள்களில் புதுவையைப் பற்றிய பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பத்திரிகைகளையும் குறித்த நூல்களைத் தேடிப் படிக்கலானேன். நெசவாளரும் உழவருமாகிய நம் உறுப்பினர்களுக்கு அவற்றில் நேரான தொடர்புடைய செய்திகள் பல இருக்கக் கண்டேன். அவற்றுட் சிலவற்றை இங்கே தருகிறேன்.

எல்லையிலே ஓர் ஊர்

நான் குடியிருப்பது கோரிமேட்டில். திண்டிவனம் சாலையில் புதுவை முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் அது. வெளியூர் அன்பர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனையைச் சொன்னால் எளிதில் விளங்கும். இன்று பேருந்தில் இருப்பவர் எல்லையைக் கடந்ததைக்கூட உணர்வதில்லை. ஆனால் 1954-ஆம் ஆண்டு வரை இது இரண்டு அரசுகளின் எல்லை. ஒரு புறம் பிரெஞ்சு ஆட்சி. மறுபுறம் 1947 வரை ஆங்கில ஆட்சியும் பிறகு சுதந்திர இந்தியாவும் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது.

இரண்டு ஆட்சிகளின் நடுவே வாழ்ந்த மக்களின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது? அரசர்களின் போர்களைச் சரித்திர நூல்கள் சொல்லும். தறியின் ஓசையையும் சந்தையின் விலையையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அன்றன்று எழுதப்பட்ட தாள்களையே நாடவேண்டும்.

துபாசியின் நாட்குறிப்பு

அத்தகைய தாள்களுள் தலைசிறந்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1709-இல் பிறந்த பிள்ளை, பிரெஞ்சுக் கம்பெனியோடு துணி வாணிபம் செய்தவர். பின்னர் கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761-இல் தாம் மறையும் காலம் வரை தமிழிலே குறிப்பு எழுதி வந்தார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி வேட்டு முழங்கிற்று, யார் வீட்டில் திருமணம், எவர் எவரோடு மனத்தாங்கல் கொண்டார், கம்பெனி வர்த்தகர்கள் துணிக் கட்டுகளுக்கு என்ன பேசினார்கள் என்பனவெல்லாம் அதில் உண்டு. பேச்சு வழக்கும் போர்த்துகீசிய, பிரெஞ்சு, பாரசீகச் சொற்களும் கலந்த நடை அது. படிக்கும்போது ஒருவர் நம் திண்ணையில் அமர்ந்து கதை சொல்வது போலவே இருக்கும்.

கோரிமேட்டை உள்ளடக்கிய உழவர்கரைப் பகுதியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பிள்ளைக்கு முன் தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார், இறந்துபோன தம் மகன் நினைவாக உழவர்கரையில் ஒரு மாதாகோயில் கட்டி, 1745-இல் பல சாதியாருக்கும் விருந்தளித்தார். அவ்விருந்தைப் பிள்ளை தம் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இருவரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்களே. ஆயினும் அவ்விருந்து எழுத்தில் நின்றது.

இந்நாட்குறிப்பு நமக்குக் கிடைத்ததே ஒரு நற்பேறு. பிள்ளை மறைந்து 85 ஆண்டுகள் அது குடும்பத்தார் வீட்டில் உறங்கிக் கிடந்தது. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். சில ஆண்டுகளில் ஏரியல் என்பவரும் படியெடுத்தார். அவருடைய படிகள் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. படியெடுக்க ஆளில்லாதிருந்தால், செல்லுக்கு இரையான எத்தனையோ ஏடுகளுள் அதுவும் ஒன்றாகியிருக்கும்.

சாயத் தொழிலைக் கேட்டெழுதிய கடிதங்கள்

நம் நெசவாளர்கள் கட்டாயம் அறியவேண்டிய தாள்கள் வேறு இரண்டு உண்டு.

அக்காலத்தில் சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளுக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு. எத்தனை முறை துவைத்தாலும் நிறம் போகாத துணியை அவர்கள் அதுவரை கண்டதில்லை. தம் நாட்டு நெசவுத் தொழிலுக்கு இதனால் கேடு வருமென்று அஞ்சிய பிரெஞ்சு அரசாங்கம், 1686-இல் இத்தகைய துணிகளைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. துணியைத் தடுத்தவர்கள் அதைச் செய்யும் வித்தையை அறிய மட்டும் பெரிதும் விரும்பினர்.

1734-ஆம் ஆண்டையொட்டி, பொலியே என்னும் கப்பல் அதிகாரி புதுவைக்கு வந்தார். அறிவியலறிஞர் துய்ஃபே கேட்டுக்கொண்டபடி, சித்திரக்காரர் ஒருவரைக்கொண்டு தம் கண்முன்னே ஒரு துணியை எழுதச் செய்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அத்துணியில் ஒரு துண்டை வெட்டி, அதுவரை நடந்ததை எழுதிச் சேர்த்தார். அத்துண்டுகள் இன்றும் பாரிஸில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புதுவைத் தொழிலாளி ஒருவரின் கைவேலை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும், படிப்படியாகக் கண்ணாற் காணக்கூடியதாக நிற்கிறது. அவர் பெயர் மட்டும் நிற்கவில்லை.

1742 ஜனவரி 18-ஆம் நாள், கேர்து என்னும் கிறித்தவப் பாதிரியார் தம் நாட்டிலுள்ள மற்றொரு பாதிரியாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புதிதாகக் கிறித்தவ சமயம் தழுவிய சாயத் தொழிலாளர் சிலரை அவர் பலமுறை, தனித்தனியே வினவி, விடைகளை ஒப்புநோக்கி எழுதிய கடிதம் அது. மறு ஆண்டே பாரிஸில் அச்சாயிற்று. பின்னர்ப் புவாவர் என்னும் அறிஞர் எழுப்பிய வினாக்களையும் கருத்திற்கொண்டு, 1747-இல் விளக்கமாக மற்றொரு கடிதமும் எழுதினார்.

அக்கடிதங்களால் தெரியவரும் முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் அரைவெளுப்புச் செய்த துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் தோய்த்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். பிறகு மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். கடுக்காயின் துவர்ப்பு பின்னர் இடும் காரத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு வண்ணம் பரவிப் போகாமல் தடுக்கும். பசுவின் பால் இதற்கு அத்துணை ஏற்றதன்று என்பது தொழிலாளர் கண்ட உண்மை. அடுத்து, ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூள் தட்டிச் சித்திரத்தின் கோடுகளைப் படியச் செய்வர். கருங்கோடுகளுக்கு இரும்பை ஊறவைத்த புளித்த நீர். செங்கோடுகளுக்குப் படிகார நீர். படிகார நீருக்கு நிறமில்லையாதலால், எழுதுவது கண்ணுக்குத் தெரியும்பொருட்டுச் சப்பங்கி மரத்தின் சாயத்தைச் சிறிது சேர்ப்பர்.

நீலம் இடவேண்டிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை நீலச் சாயக்காரரிடம் கொடுப்பர். சித்திரம் எழுதுபவரும் நீலம் தோய்ப்பவரும் வேறு வேறு தொழிலாளர். அவரிச் சாயத்தொட்டியைப் புளிக்கச் செய்யத் தகரை விதையை வேகவைத்துச் சேர்ப்பது வழக்கம். பிறகு மெழுகைக் கொதிநீரில் நீக்கி, படிகாரம் எழுதிய துணியைச் சாயவேர் இட்ட நீரில் காய்ச்சினால் செந்நிறம் ஏறும். படிகாரம் படாத இடத்தில் ஒட்டிய செம்மையைப் போக்க, ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் பரப்பி வெளுப்பர். சாயவேருக்கு எல்லா நீரும் ஒத்துவராது. குறிப்பிட்ட தன்மையுள்ள நீரில்தான் நிறம் சுடர்விடும் என்பதும் கூறப்பட்டிருக்கிறது.

வித்தை எங்கே போயிற்று?

இவ்வளவு நுட்பமும் இத்தொழிலாளரின் மூதாதையர் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்தவை. அவர்கள் தாளில் எழுதிவைக்கவில்லை. தந்தை மகனுக்குக் கைப்பழக்கமாகத் தந்தார். கேட்டு எழுதியவர்கள் அயல்நாட்டார். எழுத்தாகிய வித்தை கப்பலேறிச் சென்றது. பிரெஞ்சுத் தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், ஒபர்காம்ப் என்பவர் பாரிஸுக்கு அருகே ழூயி என்னும் ஊரில் அச்சுத் துணித் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே எழுதுகோலுக்குப் பதில் மர அச்சும், பின்னர் உருளை இயந்திரமும் வந்தன. விலை சரிந்தது, நம் கரையின் சித்திரத் துணி வாணிபமும் நாளடைவில் தேய்ந்தது.

கடிதங்களே இதற்கு முழுக் காரணம் என்று சொல்வது பொருந்தாது. இயந்திரமும் அரசியலும் பெருங்காரணங்கள். கேர்து பாதிரியாரை வைவதிலும் பொருளில்லை. அவர் எழுதியிராவிடில் அவ்வித்தையின் நுட்பங்களை நாமே இன்று அறிய முடியாது. எழுதிவைக்காத அறிவு அதற்குரியவர்க்கு உரிமைச் சான்றாகாது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

உழவர்களுக்கும் இக்கதையில் பங்குண்டு. அவரியும் சாயவேரும் மண்ணில் விளைந்தவை அல்லவா? சாயவேரின் செம்மைக்குக் காரணமான பொருளை ஜெர்மானியர் 1869-இல் ஆய்வுக்கூடத்திலே செய்துவிட்டனர். 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. அவரி பயிரிட்டோர் நிலத்துக்கு வேறு பயிர் தேட வேண்டியதாயிற்று. தென்னார்க்காட்டு உழவர்கள் பெரிதும் நிலக்கடலையை நாடினர். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட பின், அக்கடலை புதுவைத் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மர்சேய் நகரத்து எண்ணெய், சவுக்கார ஆலைகளுக்குச் சென்றது. புதுவையின் நீலத்துணியோ ஆப்பிரிக்காவின் செனகாலுக்குப் போய், அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாக விலைபோயிற்று. தம் விளைச்சலும் நெசவும் எந்நாட்டார் வீட்டில் என்னவாகின்றன என்பதை அறியாமலே நம் மக்கள் உழைத்தனர்.

பத்திரிகைகளின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் தாள்களின் குரல் மாறிற்று. 1908-இல் ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை வந்த பாரதியார், “இந்தியா” வார இதழை இங்கிருந்து வெளியிட்டார். கருத்துப் படங்களோடு வந்த அவ்விதழ் எல்லைக்கு அப்பால் நுழையாதபடி ஆங்கில அரசு தடுத்ததால், 1910-இல் நின்றது. அச்சிட்ட தாளுக்கு ஒரு பேரரசு அஞ்சிய காலம் அது.

1934-இல் வ. சுப்பையா “சுதந்திரம்” என்னும் இதழைத் தொடங்கினார். பஞ்சாலைத் தொழிலாளரின் நீண்ட வேலைநேரமும் குறைந்த கூலியும் எழுத்துக்கு வந்தன. 1936 ஜூலை 30-ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிர் நீத்தனர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பல்லாயிரவர்க்கு வாழ்வளித்த அப்பஞ்சாலைகள் 2020-இல் அறவே மூடப்பட்டுவிட்டன. அவற்றில் உழைத்தோரின் நினைவு இன்று பெரும்பாலும் பழைய கூலிச் சீட்டுகளிலும், சங்கத் துண்டறிக்கைகளிலும், வீட்டுப் பெட்டிகளிலும் கிடக்கிறது.

தறிகாரன் எங்கே பேசினான்?

இத்தனையும் படித்தபின் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பிள்ளையின் நாட்குறிப்பில் பேசுபவர் வணிகர். பொலியேயின் குறிப்பில் பேசுபவர் அதிகாரி. கேர்துவின் கடிதத்தில் பேசுபவர் பாதிரியார். பத்திரிகையில் பேசுபவர் தலைவர். கம்பெனி வர்த்தகரிடம் முன்பணம் வாங்கி, நெய்து கொடுத்து, மட்டத் துணி என்று தள்ளப்பட்டால் நட்டத்தைத் தானே தாங்கிய நெசவாளன் தன் வாயால் பேசும் தாள் எது?

தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை அவனுக்குப் பரவலாக வாய்த்தது கூட்டுறவு இயக்கத்தால்தான் என்பது என் துணிபு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1935-இல் நெசவாளர்க்கெனச் சென்னை மாகாணச் சங்கம், அதாவது இன்றைய கோ-ஆப்டெக்ஸ், அமைந்தது. புதுவையிலும் நெசவாளர், உழவர், பால் உற்பத்தியாளர் எனப் பல சங்கங்கள் வளர்ந்தன.

சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். “பாவு நூல் தரம் குறைவாக உள்ளது; திருப்பி அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். “மழையால் தறிக்குழியில் நீர் புகுந்த உறுப்பினர்க்கு முன்பணம் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது” என்று மற்றொரு வரி இருக்கும். கீழே பத்துப் பேரின் கையெழுத்து; சில இடங்களில் கைநாட்டு. கம்பெனியார் காலத்தில் பெயரின்றி மறைந்தவர்களின் வழித்தோன்றல்கள், பெயரோடு பேசும் ஏடு அது.

நாம் செய்யத்தக்கவை

ஆதலின், உறுப்பினர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, தீர்மானப் புத்தகம், உறுப்பினர் சேர்க்கைப் பதிவேடு, பங்குப் பதிவேடு ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் கழிக்கும் மூட்டையில் சேர்க்கலாகாது. கழிக்க அனுமதி பெற்ற தாள்களையும், குழுவினர் இருவர் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்த பின்பே வெளியேற்ற வேண்டும். அதிகாரி ஒப்பமிட்டுவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். அதிகாரியின் ஒப்பம் எத்தகையது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, ஏடுகளைத் தரையிலும் சுவரோரத்திலும் அடுக்காமல், பலகைமேல் காற்றோட்டமாக வைக்கவேண்டும். நம் முன்னோர் சுவடிகளுக்கு வசம்பு இட்ட வழக்கம் இன்றும் நல்லதே. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை தூசி தட்டிப் பார்த்தல் நலம். இப்போது பெரும்பாலோர் கையில் படம் எடுக்கும் தொலைபேசி இருக்கிறது. பழைய பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் காத்துவைக்கலாம். பிள்ளையின் நாட்குறிப்பைக் காத்ததும் படியெடுத்த வேலைதான்.

மூன்றாவது, தொழிலறிவை எழுதிவையுங்கள். எந்தக் கிணற்று நீரில் சாயம் நன்றாகப் பிடிக்கிறது, எந்தப் பருவத்தில் பாவுக்குக் கஞ்சி எப்படிப் போடவேண்டும், எந்த மண்ணில் எந்த விதை தாங்கும் என்பவற்றைச் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, முதியவர்கள் சொல்லச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். சொன்னவர் பெயரையும் தேதியையும் மறவாமல் சேருங்கள். பொலியேவும் கேர்துவும் பெயர்களை விட்டுவிட்டார்கள். அப்பிழையை நாம் செய்யலாகாது.

நான்காவது, வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழைய கடிதங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குச் சென்றவர்கள் புதுவைக் குடும்பங்களில் பலர். அவர்கள் எழுதிய கடிதங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். அவற்றை எரித்துவிடாதீர்கள்.

மூதாட்டியின் கடிதம்

தொடக்கத்தில் சொன்ன மூதாட்டிக்கு வருகிறேன். பதிவேடு இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. “அம்மா, வீட்டில் சங்கத்துச் சீட்டு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். மறுநாள் அவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். பிள்ளைகளின் ஜாதகங்களுக்கு நடுவே, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் ஒரு தபால் அட்டை இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த பொதுக்குழுவுக்கு அவர் கணவரை அழைத்துச் சங்கம் அனுப்பிய அட்டை அது. முகவரிக்கு மேலே உறுப்பினர் எண் எழுதப்பட்டிருந்தது. அந்த எண்ணைக் கொண்டு பழைய தணிக்கை அறிக்கையோடு இணைத்திருந்த பங்குதாரர் பட்டியலைத் தேடி எடுத்தோம். அதில் அவர் பெயரும் தொகையும் இருந்தன. உரியபடி குழுவின் தீர்மானம் பெற்றுத் தொகை வழங்கப்பட்டது.

தொகை சிறியதுதான். அதை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டபின், அம்மூதாட்டி அட்டையைத் திருப்பிக் கேட்டார். “அதிலே அவர் பேரு இருக்கு, தம்பி” என்றார். படியெடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டு, மூலத்தை அவர் கையில் கொடுத்தேன்.

அன்று முதல் எந்த மூட்டைக்கும் நான் அவிழ்த்துப் பார்க்காமல் ஒப்பமிடுவதில்லை.